தொப்பூர் கணவாயும் நான்கு நேக்கட் பைக்குகளும்: எதை வாங்குவது?

கேட்டவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீடு சேலத்தில். வாரம் ஒருமுறை போய்வருகிறார், ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். ஐந்தாண்டாக ஓட்டிய 150 சிசி வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி வாங்க நினைக்கிறார். உயரம் 165 சென்டிமீட்டர். திருமணமாகி எட்டு மாதம், பாதிப் பயணங்களில் மனைவியும் உடன் வருவார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, கொஞ்சம் கூடினாலும் சமாளித்துவிடுவார். கேடிஎம் 390 டியூக், ட்ரையம்ப் ஸ்பீட் 400, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310, ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450 ஆகிய நான்கு நேக்கட் பைக்குகளில் (எஞ்சின் வெளியே தெரியும்படி, மேல்மூடி இல்லாத வண்டிகள்) எது என்பது கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஸ்பீட் 400. அதை ஓட்டிப் பார்த்து மனம் ஒப்பவில்லை என்றால் கெரில்லா. மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டால் அப்பாச்சி. டியூக் எனக்கு மிகவும் பிடித்த வண்டி. ஆனாலும் உங்களை அதை வாங்கச் சொல்ல மாட்டேன். காரணம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

கடைக்காரர்களும் வீடியோ போடுகிறவர்களும் முதலில் குதிரைத்திறனைத்தான் சொல்வார்கள். டியூக் 46, ஸ்பீட் 40, கெரில்லா 40, அப்பாச்சி 35.6. இந்த வரிசையைப் பார்த்தால் போட்டியே இல்லை, டியூக்கை வாங்கிவிட வேண்டியதுதான். ஆனால் அந்த 46 இருக்கும் இடம் நிமிடத்துக்கு 8,500 சுற்று. அந்தச் சுற்றில் நீங்கள் ஒரு வாரத்தில் எத்தனை நொடி இருப்பீர்கள்? மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒரு நொடிகூட இருக்க மாட்டீர்கள்.

உங்கள் பாதையையே எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை விடியற்காலை சேலத்திலிருந்து கிளம்புகிறீர்கள். தொப்பூர் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று, மாட்டுவண்டியோடு போட்டி போடும் வேகத்தில் முக்கி முனகி ஏறுகிறது. வலது தடத்தில் அதைத் தாண்ட முயலும் இன்னொரு லாரி, முதல் லாரியைவிட ஒரு நடை அளவுதான் வேகம் கூடுதல். நீங்கள் இரண்டுக்கும் பின்னால் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். லாரி இடப்பக்கம் ஒதுங்கியதும் ஒரு வழி திறக்கும், நான்கைந்து நொடிக்கு மட்டும். அப்போது எஞ்சின் மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும், கியரைக் குறைக்காமலே, இரண்டு பேரையும் ஒரு பையையும் இழுத்துக்கொண்டு வண்டி முன்னால் பாய வேண்டும். உங்கள் வண்டியைத் தேர்வு செய்ய வேண்டிய இடம் இந்த நான்கைந்து நொடிதான்.

இங்கே கணக்கு வேறு மாதிரி ஆகிறது. கெரில்லாவின் 452 சிசி எஞ்சின் 40 நியூட்டன் மீட்டர் இழுவையை 5,500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. டியூக்கின் 39 வருவது 6,500 சுற்றில், ஸ்பீடின் 37.5 வருவதும் 6,500 சுற்றில். அப்பாச்சியின் 28.7 வர 6,650 சுற்று வேண்டும். கொள்ளளவு 312 சிசிதான் என்பதால் இழுவை மற்றவற்றைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. அதற்காக அப்பாச்சி ஏறாது என்று பொருளில்லை, நன்றாகவே ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ கியர் இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். தனியாகப் போகும் இளைஞனுக்கு அது இன்பம். தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பவருக்கு அது ஓயாத குலுக்கல்.

வெள்ளிக்கிழமை மாலை திரும்பும்போது இதே கணவாய் இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் அங்கே என்னவெல்லாம் செய்திருக்கின்றன என்பது அந்த வழியில் போகிற உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்கி இறங்குங்கள். நான்கு வண்டிகளிலும் ஸ்லிப்பர் க்ளட்ச் இருக்கிறது. கியரைச் சட்டென்று குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாது. அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் நான்கிலும் இரு சக்கரத்துக்கும் உண்டு. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ் டியூக்கில் வண்டியோடே வருகிறது. அப்பாச்சியில் கூடுதல் பணம் கொடுத்து அந்தத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பீடில் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டு. கெரில்லாவில் அது இல்லை, எனக்கு அது ஒரு குறைதான். மழை பெய்து ஓய்ந்த மாலையில், லாரி சிந்திய டீசல் மேல் பின்சக்கரம் ஒருமுறை நழுவினால் அந்த வசதியின் அருமை புரியும்.

இப்போது பின் இருக்கைக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். நான் இதைத்தான் முதல் கேள்வியாக வைப்பேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வண்டி வாங்கினேன். பெயர் வேண்டாம். அதன் முன்பாதியைப் பார்த்து மயங்கி வாங்கினேன். அடுத்த மாதமே மனைவியை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போனேன். காரவள்ளியில் அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் எண்ணி எண்ணி மகிழ்ந்து ஓட்டினேன். மேலே போய் இறங்கியபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பின் இருக்கை இரண்டு கையகலம், சாய்வு முன்பக்கமாக. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் மேல் சரிந்து, மறுபடி கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்து, 70 வளைவிலும் இதையே செய்துகொண்டு வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும்போது சேந்தமங்கலத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். அதன் பிறகு அந்த வண்டியில் அவள் நெடுந்தூரம் வரவே இல்லை. என்னால் அந்த நாளை மறக்க முடியவில்லை.

டியூக்கின் பின் இருக்கை தனித் துண்டு, சிறியது. அப்பாச்சியிலும் பிரிந்த இருக்கைதான், பின்பகுதி மேலே தூக்கி நிற்கிறது. ஸ்பீடிலும் கெரில்லாவிலும் ஒரே நீள இருக்கை, இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். உங்கள் மனைவி சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் முதல் இரண்டையும் மறந்துவிடலாம். எந்த வண்டி வாங்கினாலும் சேலைக் காப்பையும் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியையும் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123 இவற்றை வற்புறுத்துகிறது; அழகு கெடும் என்று கழற்றி வைக்கும் பொருள்கள் அல்ல அவை.

உங்கள் உயரத்துக்கு இருக்கையின் உயரமும் முக்கியம். கெரில்லா 780 மில்லிமீட்டர், ஸ்பீட் 790, அப்பாச்சியும் டியூக்கும் 800. எண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இருக்கை அகலமாக இருந்தால் கால் விரிந்து, தரை தொலைவாகும். எடையும் சேர்ந்துகொள்ளும். டியூக் 168 கிலோ, அப்பாச்சி 169, ஸ்பீட் 176, கெரில்லா 185. ஓடும்போது 185 கிலோ தெரியாது. மேடு பள்ளமான மண்தரையில் நிறுத்திவிட்டு, மனைவி ஏறும்போது வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு கிலோவும் தெரியும். கெரில்லாவை இரண்டாம் இடத்தில் வைத்ததற்கு ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லாததோடு இதுவும் ஒரு காரணம். இழுவையில் அதுவே முதல். 160 மில்லிமீட்டர் அகலப் பின் டயரோடு சாலையில் உறுதியாக நிற்கிறது. 2024 ஜூலையில் அது பார்சிலோனாவில் அறிமுகமானபோது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

ஸ்பீட் 400 இந்த நான்கில் எதிலும் முதலிடம் பிடிக்காத வண்டி. வேகத்தில் டியூக், இழுவையில் கெரில்லா, வசதிகளில் அப்பாச்சி. க்ளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றும் க்விக்‌ஷிஃப்டர் ஸ்பீடில் கிடையாது. பாதி முள், பாதி திரை என்று இருக்கும் அதன் மீட்டரும் மற்றவற்றுக்கு முன்னால் பழையதாகத் தெரியும். ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கு ஏற்ப, வெட்டாமல், எண்ணெய் ஊற்றினாற்போல வேகம் ஏறும் அந்தத் தன்மை வேறு எதிலும் இல்லை. ஊருக்குள் மூன்றாம் கியரிலேயே தவழலாம், நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் கைக்கு அதிர்வு ஏறாமல் போகலாம். 150 சிசி வண்டியிலிருந்து மாறி வருபவரைப் பயமுறுத்தாது. முதல் சர்வீஸுக்குப் பிறகு 16,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது அதன் சர்வீஸ் இடைவெளி. வாரம் 320 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு ஆண்டுக்கு ஒன்று. (நானாக இருந்தால் தருமபுரி வெயிலுக்காக, நடுவில் எட்டாயிரத்தில் ஒருமுறை ஆயிலை மட்டும் மாற்றிவிடுவேன்.) அதன் தம்பியாக 2024 செப்டம்பரில் ஸ்பீட் டி4 வந்தது, 31 குதிரைத்திறன், 36 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 5,000 சுற்றிலேயே. பட்டியலில் அதைச் சேர்க்கவில்லையே தவிர, ஷோரூமுக்குப் போகும்போது அதையும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

பணக் கணக்கில் 350 சிசி என்ற கோடு இப்போது பெரிய வேலை செய்கிறது. 22 செப்டம்பர் 2025 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. வரிக்கு முன் இரண்டு லட்சம் என்று இரு வண்டிகளுக்கு வைத்துக்கொண்டால், ஒன்று 2.36 லட்சம், இன்னொன்று 2.80 லட்சம். இந்த நான்கில் கோட்டுக்குக் கீழே இருப்பது அப்பாச்சி மட்டும். இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022 இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷோரூம் விலைப்பலகையைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். சில நிறுவனங்கள் வரி உயர்வில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு விற்றன, சில ஏற்கவில்லை. அதனால் நான்கு இடத்திலும், வரியும் காப்பீடும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை ஒரே நாளில் எழுதி வாங்குங்கள். டியூக் 2023 செப்டம்பரில் 3.10 லட்சம் என்ற ஷோரூம் விலையில் வந்தது. அதன் மேல் சாலை வரியும் காப்பீடும் சேர்ந்தாலே மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

அப்பாச்சியை மட்டமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் எஞ்சினுக்கு நல்ல பின்னணி உண்டு. டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 2013 இல் கைகோத்ததில் பிறந்த குடும்பம் அது. உங்கள் ஓசூரில்தான் இரண்டு நிறுவனத்தின் 310 வண்டிகளும் தயாராகின. வழக்கமான எஞ்சினைத் திருப்பி வைத்ததுபோல, காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்னால் வெளியேறும். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். இதனால் எடை நடுவில் குவிகிறது, வளைவில் வண்டி சட்டென்று திரும்புகிறது. விரும்பிய வசதிகளைத் தேர்ந்தெடுத்து ஆலையிலேயே பொருத்தி வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது. மேல் வகைகளில், வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோல் கிடைக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையில் நேராகக் கிடக்கும் சாலையில் மணிக்கட்டுக்கு அது பெரிய ஆறுதல். தனியாளாக இருந்திருந்தால், இன்றைய வரி நிலவரத்தில் உங்களை அப்பாச்சி ஷோரூமுக்கே அனுப்பியிருப்பேன்.

டியூக் பற்றி ஒரு சந்தேகத்தையும் கேட்டிருந்தீர்கள், கம்பெனி மூழ்கிவிட்டதாமே என்று. ஆஸ்திரியாவின் கேடிஎம் 2024 நவம்பர் இறுதியில் நொடிப்பு நடவடிக்கைக்குப் போனது உண்மை. 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியில் 30 சதவீதம் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். பஜாஜ் பணம் போட்டு, அதே ஆண்டு நவம்பரில் கட்டுப்பாட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 390 டியூக் புனே அருகே சாகனில் பஜாஜ் ஆலையில் தயாராகும் வண்டி. ஸ்பீட் 400 வருவதும் பஜாஜின் சாகன் ஆலையிலிருந்துதான். ஆகவே உதிரிபாகம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தால் டியூக்கைத் தள்ள வேண்டியதில்லை. 2013 இல் முதல் 390 இங்கே வந்தபோது, 1.80 லட்சத்துக்கு அப்படியொரு வண்டி கிடைக்கிறது என்பதை நாங்கள் நம்பவே இல்லை. அந்தத் துள்ளல் இன்றும் குறையவில்லை. 15 லிட்டர் டேங்க் வேறு. ஸ்பீடுக்கு 13, மற்ற இரண்டுக்கும் 11 லிட்டர்தான். ஏற்காடு மலைப்பாதையில் தனியாக ஓட்டிப் பாருங்கள், இரவு தூக்கம் வராது. அந்த மயக்கத்தில் மறுநாள் காலை பணம் கட்டிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒன்று விட்டுப்போனது: பழுது பார்க்கும் இடம். என் வண்டி ஒன்றில் க்ளட்ச் லிவர் உடைந்தது. சாதாரணப் பொருள். ஷோரூமில் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்றார்கள். 26 நாள் ஆயிற்று. நல்ல வண்டியை வீட்டு வாசலில் மூடிவைத்துவிட்டு நான் பஸ்ஸில் போய்வந்தேன். ஆகவே வாங்குவதற்கு முன் ஓசூரிலும் சேலத்திலும் உள்ள சர்வீஸ் இடங்களுக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். விற்பனைப் பகுதிக்குப் போகாதீர்கள். வண்டியை எடுக்க வந்து காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்: எத்தனை நாளில் தந்தார்கள், பில் எவ்வளவு, சொன்ன வேலையைச் செய்தார்களா. பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஸ்பீடுக்கு நான் கொடுத்த முதலிடம்கூட இந்த விசாரணைக்குக் கட்டுப்பட்டதுதான். உங்கள் இரண்டு ஊரிலும் கெரில்லாவுக்கு நல்ல கை இருந்து, ஸ்பீடுக்கு இல்லை என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் ரைடுக்குக் காலை எட்டு மணிக்குப் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். நான்கும் தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்கள். சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி சுழன்று எந்தப் பக்கக் காலில் அனல் அடிக்கிறது, பேன்ட்டையும் தாண்டிச் சுடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அங்கேயே க்ளட்சை இருபது முறை பிடித்து விடுங்கள். கட்டாயம் மனைவியையும் அழைத்துப் போங்கள். ஷோரூம் ஆள் "தனியாக ஒரு ரவுண்டு போய்வாருங்கள் சார்" என்பார். கேட்காதீர்கள். மனைவியும் ஏறி, குறைந்தது பத்து கிலோமீட்டர், அதில் ஒரு மேம்பாலமும் ஒரு மோசமான தெருவும் இருக்கட்டும். இறங்கியதும் நீங்கள் எதையும் சொல்லாமல், அவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

மூன்று லட்சத்தையும் வண்டிக்கே கொட்டிவிடாமல் இருபதாயிரம் ஒதுக்கி வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுக்க மூடும் தலைக்கவசம் இரண்டு, உங்களுக்கு ஒன்று மனைவிக்கு ஒன்று, அவருடைய தலை அளவுக்கே பார்த்து வாங்கியது. கையுறை இரண்டு ஜோடி. மீதியில் உங்களுக்கொரு ஜாக்கெட். செயினுக்கு ஸ்ப்ரேயும் ஒரு பிரஷும் மறக்க வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது ஒன்றரை வாரத்துக்கு ஒருமுறை, துடைத்துப் பூச வேண்டும். மழை நாளென்றால் வீடு சேர்ந்த அன்று இரவே.